கமாண்ட் பேலட்டில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோடு எடிட்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல், எழுதியிருக்கிறீர்கள். டேட்டாபேஸ் இணைப்புகளை அது பக்கவாட்டில் ஒரு ட்ரீயாக, கிளைகளாக விரியும் பட்டியலாக, காட்டுகிறது. ஒவ்வோர் இணைப்பின் மேலும் ரைட் கிளிக் செய்து இணைக்கலாம், துண்டிக்கலாம், நீக்கலாம், டேபிளைத் திறக்கலாம். வசதிகள் சேரச் சேரக் கட்டளைகள் 41 ஆகிவிட்டன. கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தி, கட்டளைகளைப் பெயர் தட்டித் தேடி ஓட்டும் பெட்டியான கமாண்ட் பேலட்டைத் திறந்து எக்ஸ்டென்ஷனின் பெயரைத் தட்டினால் நாற்பத்தொன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றில் பாதியைத் தேர்ந்தெடுத்தால் எரர் வருகிறது. தேவையில்லாததையெல்லாம் பேலட்டில் தெரியாமல் செய்வது எப்படி என்பது உங்கள் கேள்வி.

எப்படி என்பது ஐந்து நிமிட வேலை. எது தேவையில்லாதது என்று முடிவு செய்வதில்தான் நேரம் போகும், தப்பும் அங்கேதான் நடக்கும். அதனால் வழியை முதலில் சொல்லிவிட்டு, மற்றதுக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்டென்ஷன் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதை வெளியிடும் முன் பார்த்துத் தருவதும் பல வருடமாக நான் செய்துவரும் வேலை. சொல்வதெல்லாம் விஎஸ் கோடுக்கும், அதே மூலத்திலிருந்து வரும் விஎஸ்கோடியம் போன்றவற்றுக்கும் பொருந்தும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களின் அமைப்பு வேறு, அதற்கு இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே வரும் பெயர்களை உச்சரிக்கிறபடி எழுதுகிறேன், ஃபைலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான்.

ஒரு கட்டளைக்கு இரண்டு பிறப்பு உண்டு. எக்ஸ்டென்ஷனின் விவரங்களைச் சொல்லும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் கான்ட்ரிப்யூட்ஸ் என்ற பகுதியில் அதை அறிவிக்கிறீர்கள். அங்கே ஐடி, தலைப்பு, வகை, ஐகான் எல்லாம் வரும். அப்புறம் கோடில் (நிரலில்) ரிஜிஸ்டர்கமாண்ட் மூலம் அதே ஐடிக்கு ஒரு ஃபங்ஷனைக் கட்டிவிடுகிறீர்கள். பேலட் பார்ப்பது அறிவிப்பை மட்டுமே. அறிவித்தது எதுவானாலும், நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை, பேலட்டில் வரும். கோடில் மட்டும் பதிவு செய்து, அறிவிக்காமல் விட்டது பேலட்டில் வராது. அறிவித்துவிட்டுக் கோடில் பதிவு செய்ய மறந்தால், பேலட்டில் தெரியும், தேர்ந்தெடுத்தால் கட்டளையைக் காணோம் என்று எரர் வரும். உங்கள் 41-இல் இப்படி ஒன்றிரண்டு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மறைப்பதற்கு, கான்ட்ரிப்யூட்ஸுக்குள் மெனுஸ் என்ற பகுதியில் கமாண்ட்பேலட் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் கட்டளையின் ஐடியையும், அதன் வென் நிபந்தனையாக ஃபால்ஸ் என்பதையும் எழுதினால் போதும், பேலட்டிலிருந்து போய்விடும். அந்த ஃபால்ஸ் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். வென் என்பது எழுத்துச்சரமாக வர வேண்டிய இடம். மேற்கோள் குறி இல்லாமல் ஃபால்ஸ் போட்டால் அது நிபந்தனையாகக் கணக்கில் வராது, கட்டளை பழையபடி தெரிந்துகொண்டே இருக்கும். ஃபால்ஸுக்குப் பதில் ஒரு நிபந்தனை எழுதினால், அது உண்மையாக இருக்கும்போது மட்டும் கட்டளை தெரியும். திறந்திருக்கும் ஃபைலின் மொழி எஸ்க்யூஎல்லாக (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) இருக்க வேண்டும், எழுத்து ஏதாவது செலக்ட் ஆகியிருக்க வேண்டும் என்பது போல. ரைட் கிளிக் மெனுக்கள் தனிப் பட்டியல்கள். பேலட்டில் மறைத்தது அங்கே தெரிவதைப் பாதிக்காது. ட்ரீயின் ரைட் கிளிக் வேலைகளை அப்படியே வைத்துக்கொண்டு பேலட்டை மட்டும் சுத்தம் செய்ய முடிவது இதனால்தான்.

வழி அவ்வளவுதான். இனி எதை மறைப்பது என்பதற்கு வருகிறேன்.

பலர் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்க்கிறார்கள். பட்டியல் நீளமாக இருக்கிறது, குறைப்போம் என்று ஆரம்பித்து, குறைவாகப் பயன்படுவதையெல்லாம் மறைத்துவிடுகிறார்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கையில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் இந்தக் கட்டளையின் பெயரைச் சொல்லி அழைத்தால், வேலை முடியுமா? பேலட்டிலிருந்து வரும் அழைப்பு எப்போதும் வெறுங்கையோடுதான் வருகிறது. ட்ரீயில் ரைட் கிளிக் செய்து அழைத்தால் உங்கள் ஃபங்ஷனின் முதல் ஆர்க்யுமென்ட்டாக (ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்படும் மதிப்பு) அந்த நோட், அதாவது ட்ரீயில் கிளிக் செய்த வரி, வந்து சேரும். ஃபைல் பட்டியலில் ரைட் கிளிக் செய்தால் முதலில் அந்த ஃபைலின் முகவரி, இரண்டாவதாகச் செலக்ட் செய்த எல்லா ஃபைல்களின் முகவரிகளும் வரும். பேலட்டிலிருந்து வந்தால் இதில் ஒன்றும் கிடையாது, முதல் ஆர்க்யுமென்ட் அன்டிஃபைண்ட்தான், அதாவது காலி. உங்களுக்கு வரும் எரர்களில் பெரும்பாலானவை, இல்லாத நோட்டின் பெயரைப் படிக்கப் போய் விழுந்தவையாகத்தான் இருக்கும். கீபோர்ட் ஷார்ட்கட்டில் அழைத்தாலும் இதே கதைதான். ட்ரீயில் ஒரு வரி செலக்ட் ஆகியிருக்கிறது என்பதால் ஷார்ட்கட் அதை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடாது. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

எரர் வந்தால் அதுவே நல்ல காலம். முன்பு ஒரு குழுவில் நானும் சேர்ந்து எழுதிய எக்ஸ்டென்ஷனில் நடந்ததைச் சொல்கிறேன். அதிலும் இணைப்புகளின் ட்ரீ ஒன்று இருந்தது. ‘புதுப்பி’ என்ற கட்டளையில், நோட் வந்தால் அதை மட்டும் புதுப்பி, வராவிட்டால் எல்லாவற்றையும் புதுப்பி என்று எழுதியிருந்தோம். அது சரியான நடத்தை, ட்ரீ வ்யூக்கள் பொதுவாக அப்படித்தான் இயங்கும். சில மாதம் கழித்து ‘நீக்கு’ கட்டளையை எழுதியவர் ‘புதுப்பி’யை நகலெடுத்து உள்ளே மட்டும் மாற்றினார். நோட் வராவிட்டால் எல்லாம் என்ற கிளை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கோடைப் பார்த்துச் சம்மதம் சொன்னது நான். நாங்கள் எல்லோரும் ரைட் கிளிக் செய்தே சோதித்தோம், நோட் வந்துகொண்டே இருந்தது. வெளியானபின் ஒரு பயனர் பேலட்டைத் திறந்து ‘இணைப்பை நீக்கு’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். எந்த இணைப்பு என்று கேட்கும் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். சேமித்து வைத்திருந்த அத்தனை இணைப்புகளும், கூடவே கடவுச்சொற்களும் போய்விட்டன. அவர் எழுதிய புகாரில் கோபம்கூட இல்லை, திரும்ப எடுக்க வழி உண்டா என்று மட்டும் கேட்டிருந்தார். வழி இல்லை. அந்தக் கட்டளை பேலட்டில் தெரிய வேண்டும் என்று எங்களில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. அறிவித்தாலே அது அங்கே வந்துவிடும் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தோம், அவ்வளவுதான்.

அதனால் வெறுங்கைக் கேள்வியை ஒவ்வொரு கட்டளையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று விதமான பதில் வரும். சில கட்டளைகளுக்கு எதுவுமே தேவைப்படாது: புதிய இணைப்பைச் சேர், லாகைக் காட்டு, எல்லாவற்றையும் துண்டி. இவை பேலட்டில் இருக்கட்டும். சிலவற்றுக்கு ஒரு பொருள் தேவை, ஆனால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். ‘இணை’ என்று அழைத்தால், நோட் வரவில்லை என்பதைப் பார்த்து, இருக்கும் இணைப்புகளை ஒரு குயிக் பிக் பட்டியலாகக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். இந்த வகையை மறைக்க அவசரப்படாதீர்கள், பத்து வரி எழுதினால் நல்ல கட்டளையாகிவிடும். கீபோர்டை விட்டுக் கையெடுக்காமல் வேலை செய்பவர்களுக்கும், திரைவாசிப்பான் வைத்து எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கும் ரைட் கிளிக்கைவிடப் பேலட்டே பழகிய பாதை. ரைட் கிளிக்கில் மட்டும் ஒரு வசதியை வைத்தால் அவர்களுக்கு அது எட்டாமல் போகும். மூன்றாவது வகை, கேட்டு வாங்கவும் அர்த்தமில்லாதவை. ட்ரீயில் டேபிளின் ஒரு நெடுவரிசையின் பெயரை நகலெடுப்பது, வெல்கம் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டனுக்குப் பின்னால் ஓடுவது, கோடு லென்ஸ் வரியை (நிரல் வரிக்கு மேலே எடிட்டர் காட்டும் சிறிய குறிப்பு) தொட்டால் ஓடுவது. இவை எக்ஸ்டென்ஷனின் உள்வயரிங். இவற்றைத்தான் ஃபால்ஸ் போட்டு மறைக்க வேண்டும்.

உள்வயரிங்கில் இன்னும் ஒரு பிரிவு இருக்கிறது. எந்த மெனுவிலும் வராமல், கோடு லென்ஸோ ஹோவரோ (மவுஸை மேலே வைத்தால் வரும் குறிப்பு) மட்டும் அழைக்கும் கட்டளைகளை அறிவிக்கவே தேவையில்லை. கோடில் பதிவு செய்தால் போதும். அறிவித்துவிட்டு மறைப்பதைவிட அறிவிக்காமல் விடுவது சுத்தம். ஐடியை ஓர் அடிக்கோட்டில் ஆரம்பித்தால் அது உள் கட்டளை என்பது எடிட்டரின் வழக்கம்; கட்டளைப் பட்டியலைத் தரும் கெட்கமாண்ட்ஸிடம் கேட்கும்போது உள் கட்டளைகளை வடிகட்டச் சொன்னால் அவை பட்டியலில் வராது. ஆனால் ட்ரீயின் மெனுவில் வர வேண்டிய கட்டளைக்குத் தலைப்பு வேண்டும், தலைப்பு அறிவிப்பில்தான் இருக்கிறது. அதனால் அதை அறிவித்துத்தான் ஆக வேண்டும், மறைக்கவும் வேண்டும்.

இப்போது வென் பற்றி. மறைப்பதற்கு வென், செயலிழக்கச் செய்வதற்கு எனேபிள்மென்ட் என்று இரண்டு இருப்பதில் குழப்பம் வரும். வென் ஒவ்வொரு மெனுவுக்கும் தனித்தனி. எனேபிள்மென்ட் கட்டளையின் அறிவிப்பிலேயே இருக்கும், அந்தக் கட்டளை தோன்றும் எல்லா மெனுவுக்கும், அதற்குக் கட்டிய ஷார்ட்கட்டுக்கும் சேர்த்துப் பொருந்தும். எனேபிள்மென்ட் பொய்யாக இருந்தால் ரைட் கிளிக் மெனுவில் வரி மங்கலாகத் தெரியும், பேலட்டிலோ அடியோடு வராது. ஆகவே இந்தக் கட்டளை இப்போது எங்கிருந்து அழைத்தாலும் அர்த்தமில்லாதது என்றால் எனேபிள்மென்ட். இந்த இடத்தில் இது இருந்தால் இடைஞ்சல் என்றால் வென். எஸ்க்யூஎல் ஃபைலில் மட்டும் ‘குவெரியை ஓட்டு’ தெரியட்டும் என்பது வென் வேலை. அந்த ஃபைலிலும் இணைப்பு இல்லாதபோது ஓடக் கூடாது என்பது எனேபிள்மென்ட் வேலை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இரண்டுமே பூட்டு அல்ல. பேலட்டில் மறைத்த கட்டளையின் ஐடி தெரிந்தவர், தன் ஷார்ட்கட்களை வைக்கும் கீபைண்டிங்ஸ் ஜேசனில் அதற்கு ஒரு ஷார்ட்கட் எழுதிக்கொள்ளலாம். இன்னோர் எக்ஸ்டென்ஷன் தன் கோடிலிருந்து எக்ஸிக்யூட்கமாண்ட் மூலம் அழைத்தால் எனேபிள்மென்ட் குறுக்கே நிற்காது. எனவே ஆர்க்யுமென்ட் வந்திருக்கிறதா, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை ஃபங்ஷனின் முதல் வரிகளில் எப்போதும் இருக்க வேண்டும். மறைத்துவிட்டோம், இனி நோட் கண்டிப்பாக வரும் என்று நம்பி அந்தச் சோதனையை எடுத்துவிட்டவர்களின் கோடை நான் நிறையத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு ஃபால்ஸ் மட்டும் போதாது. இணைப்பு இருக்கும்போது ‘துண்டி’ தெரிய வேண்டும், இல்லாதபோது ‘இணை’ தெரிய வேண்டும். இதற்குச் செட்கான்டெக்ஸ்ட் என்ற உள்ளமைந்த கட்டளை இருக்கிறது. அதை எக்ஸிக்யூட்கமாண்ட் மூலம் அழைத்து, உங்கள் எக்ஸ்டென்ஷனின் பெயரை முன்னால் வைத்த ஒரு கான்டெக்ஸ்ட் கீயும் (ஒரு நிலையைக் குறிக்கும் பெயர்) அதன் மதிப்பும் கொடுத்தால், அந்தக் கீயை எல்லா வென்களிலும் பயன்படுத்தலாம். இங்கே ஒரு குழி இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் எடிட்டர் திறந்தவுடன் ஓடத் தொடங்குவதில்லை. ஏதாவது ஒரு நிகழ்வு அதை எழுப்ப வேண்டும். விஎஸ் கோடு 1.74 பதிப்பிலிருந்து, அறிவித்த கட்டளையை அழைத்தாலே எக்ஸ்டென்ஷன் எழுந்துகொள்ளும், ஆக்டிவேஷன் நிகழ்வு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. சரி. இப்போது ஒருவர் ‘டேட்டாபேஸ் தயார்’ என்று ஒரு கீ வைத்து, எக்ஸ்டென்ஷன் எழும்போது ஓடும் ஆக்டிவேட் ஃபங்ஷனில் அதை ட்ரூ ஆக்கி, எல்லாக் கட்டளைகளுக்கும் அதையே வென் நிபந்தனையாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடிட்டர் திறக்கிறது. எக்ஸ்டென்ஷன் தூங்குகிறது. கீ இன்னும் பிறக்கவே இல்லை, பிறக்காத கீ பொய்க்குச் சமம். எந்தக் கட்டளையும் பேலட்டில் இல்லை. கட்டளை இல்லாததால் யாராலும் எக்ஸ்டென்ஷனை எழுப்ப முடியவில்லை. எழுப்பாததால் கீ ட்ரூ ஆகவில்லை. எழுதியவரின் கணினியில் அந்த ட்ரீ எப்போதும் திறந்திருக்கும், ட்ரீ வ்யூவே எக்ஸ்டென்ஷனை எழுப்பிவிடும், அதனால் அவருக்கு இது கண்ணிலேயே படாது. பயனர்தான் எக்ஸ்டென்ஷனை நிறுவினேன், ஒரு கட்டளையும் வரவில்லை என்று எழுதுவார்.

எடிட்டர் திறந்து முடிந்ததும் எழுப்பும் ஆன்ஸ்டார்ட்அப்ஃபினிஷ்ட் நிகழ்வைப் போட்டு எப்போதும் எழுப்பிவிடலாம், ஆனால் பயன்படுத்தாத நாளிலும் எக்ஸ்டென்ஷன் ஓடிக்கொண்டிருக்கும். நான் செய்வது கீயின் திசையை மாற்றுவது. கீ பிறக்காத நிலையும் பொய் நிலையும் ஒரே அர்த்தம் தரும்படி பெயர் வையுங்கள். ‘இணைந்திருக்கிறது’ என்ற கீ நல்ல கீ. எக்ஸ்டென்ஷன் தூங்கும்போது எதுவும் இணைந்திருக்கவில்லை என்பது உண்மைதானே? ‘இணை’ கட்டளைக்கு இணைந்திருக்கவில்லை என்ற நிபந்தனை போட்டால், எடிட்டர் திறந்த கணத்திலேயே அது பேலட்டில் இருக்கும். பயனர் தேர்ந்தெடுத்ததும் எக்ஸ்டென்ஷன் எழும், இணைக்கும், கீயை ட்ரூ ஆக்கும், அதோடு ‘துண்டி’ தோன்றும். ‘துண்டிக்கப்பட்டது’ என்று எதிர்த்திசையில் கீ வைத்திருந்தால் இதே வேலைக்கு எக்ஸ்டென்ஷனை முன்கூட்டியே எழுப்ப வேண்டியிருந்திருக்கும். பல இணைப்புகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாம் என்றால், ‘இணை’க்கு நிபந்தனையே வேண்டாம், ‘துண்டி’க்கு மட்டும் போதும்.

கீயை மாற்றும் இடத்தை ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். இணைக்கும்போது ட்ரூ, துண்டிக்கும்போது ஃபால்ஸ் என்று பத்து இடத்தில் எழுதினால், சர்வர் தானாகத் தொடர்பை அறுத்துக்கொள்ளும் பதினோராவது இடம் விட்டுப்போகும். கீ பொய் சொல்லிக்கொண்டே நிற்கும். இந்தக் கீகள் எங்கும் சேமிக்கப்படுவதில்லை, விண்டோவை ரீலோட் செய்தால் திரும்பவும் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு வென் ஏன் வேலை செய்யவில்லை என்று புரியாவிட்டால் யூகித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பேலட்டிலேயே டெவலப்பர் வகையில் ‘இன்ஸ்பெக்ட் கான்டெக்ஸ்ட் கீஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓட்டி, சந்தேகப்படும் இடத்தில் கிளிக் செய்தால், அந்த இடத்தில் எந்தக் கீக்கு என்ன மதிப்பு என்று டெவலப்பர் டூல்ஸ் கன்சோலில் முழுசாகக் கொட்டும். ட்ரீக்கே உரிய வ்யூஐட்டம் போன்ற கீகளைப் பேலட்டின் வென்னில் போட்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்களுக்குப் பதில் அங்கேயே கிடைக்கும். பேலட் திறக்கும்போது எந்த நோட்டின் மேலும் யாரும் ரைட் கிளிக் செய்திருக்கவில்லை.

கட்டளைகளையும் தலைப்புகளையும் எக்ஸ்டென்ஷன் ஓடும்போது மாற்ற முடியாது என்பது தெரிந்திருக்கட்டும். அறிவிப்பு பேக்கேஜ் ஜேசனில் எழுதியதோடு சரி. ஒரே கட்டளை நிலைமைக்குத் தக்கபடி ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்று பெயர் மாற வேண்டுமென்றால், இரண்டு கட்டளைகளாக அறிவித்து எதிரெதிர் வென் போடுவதுதான் வழி. எண்ணிக்கை கூடுகிறதே என்று கவலைப்படாதீர்கள், பயனர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்ப்பார்.

இதுவரை சொன்னவை சோதித்துப் பார்க்கக்கூடியவை. இனி வருபவை என் கருத்து, நீங்கள் உடன்படாமலும் இருக்கலாம்.

சிக்கலில் இருப்பவர் தேடும் கட்டளைகளுக்கு எந்த நிபந்தனையும் போடாதீர்கள் என்பேன். சர்வரை மறுபடி தொடங்கு, லாகைக் காட்டு, கேஷை அழி போன்றவை. எல்லாம் நன்றாக ஓடும்போது யாரும் இவற்றைத் தொடமாட்டார்கள். அதனால் பயன்பாட்டுக் கணக்கு எடுத்துப் பார்த்தால் கடைசி வரியில் இருக்கும், முதலில் மறைக்கத் தோன்றுவதும் இவற்றைத்தான். ஆனால் தேடி வருபவர் எக்ஸ்டென்ஷன் குழம்பிப்போன நேரத்தில் வருகிறார், உங்கள் கான்டெக்ஸ்ட் கீகளும் அப்போதுதான் தப்பாக இருக்கும். விஎஸ் கோடிலேயே டைப்ஸ்கிரிப்ட் சர்வரை மறுபடி தொடங்கும் கட்டளை, டைப்ஸ்கிரிப்ட் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் முன்னால் திறந்திருந்தால்தான் பேலட்டில் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது, ஆனாலும் கட்டளையைக் காணோம் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு டைப்ஸ்கிரிப்ட் ஃபைலைத் திறங்கள் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாகத் தெரிவது எவ்வளவோ மேல்.

எத்தனை கட்டளை இருந்தால் அதிகம் என்று கேட்டால் என்னிடம் எண் இல்லை. வெறுங்கையோடு வந்தாலும் ஒழுங்காக வேலை செய்யும் முப்பது கட்டளைகள், பாதி எரர் தரும் பத்தைவிட நல்லவை. பேலட்டில் யாரும் பட்டியலை மேலிருந்து கீழ் படிப்பதில்லை, இரண்டு மூன்று எழுத்து தட்டித் தேடுகிறார்கள். அதனால் தலைப்புக்கு நேரம் செலவிடுங்கள். எக்ஸ்டென்ஷனின் பெயரை வகையில் ஒருமுறை போட்டால் போதும், பேலட் தானாக அதைத் தலைப்புக்கு முன்னால் சேர்த்துக் காட்டும். தலைப்பிலும் திரும்ப எழுதினால் பெயர் இரண்டு முறை வரும். ஆனால் ரைட் கிளிக் மெனுவில் வகை தெரியாது, தலைப்பு தனியாகத்தான் நிற்கும். ‘புதுப்பி’ என்பது ட்ரீயின் தலையில் சரி, எடிட்டரின் ரைட் கிளிக் மெனுவில் எதைப் புதுப்பிக்க? இரண்டு இடத்திலும் வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு ஃபார்மட்டில் மட்டும் வேறுபடும் கட்டளைகளைச் சேர்த்துவிடலாம். சிஎஸ்வியாக எடு, ஜேசனாக எடு, எக்ஸெலாக எடு என்று மூன்று இருந்தால், ‘ஏற்றுமதி செய்’ என்று ஒன்றாக்கி உள்ளே ஃபார்மட்டைக் கேளுங்கள். அடிக்கடி ஒரே ஃபார்மட் எடுப்பவர் கீபைண்டிங்ஸில் ஆர்க்யுமென்ட் கொடுத்து ஷார்ட்கட் வைத்துக்கொள்வார். ஆனால் எல்லாக் கட்டளைகளையும் ‘மெனுவைத் திற’ என்ற ஒன்றுக்குள் அடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பேலட்டே ஒரு தேடல் பட்டியல். அதற்குள் இன்னொரு பட்டியலை வைத்தால் பயனர் இரண்டு தடவை தேட வேண்டும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டரில் எம்-எக்ஸ் என்ற ஷார்ட்கட்டை அழுத்திக் கட்டளையைப் பெயர் சொல்லி அழைப்பது பல பத்தாண்டுப் பழக்கம். இன்டராக்டிவ் என்று குறித்த ஃபங்ஷன் எல்லாமே அங்கே வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டளை எந்த மோடுக்கு (ஃபைலின் வகைக்கேற்ப எடிட்டர் இயங்கும் முறை) உரியது என்று குறிக்கவும், பொருந்தாதவற்றை எம்-எக்ஸ் பட்டியலிலிருந்து வடிகட்டவும் 2022இல் வந்த 28ஆம் பதிப்பில்தான் வழி வைத்தார்கள். அப்போதும் எல்லாவற்றையும் காட்டுவதையே இயல்பாக விட்டு, வடிகட்டுவதைப் பயனரின் விருப்பமாக்கினார்கள். அது சரியான தயக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கும் கட்டளை தெரியாமல் போனால், அப்படி ஒன்று இருப்பதே ஒருவருக்குத் தெரியாமல் போய்விடும்.

நடைமுறைக்கு வருவோம். 41 ஐடிகளையும் ஒரு அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றையும் பேலட்டிலிருந்து ஒருமுறை உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள், சோதனைக்கென்று வைத்த டேட்டாபேஸில். எரர் வந்தது, ஏதும் நடக்காதது, எதிர்பாராதது நடந்தது என்று குறித்துக்கொண்டே போனால் ஒரு மாலையில் முடிந்துவிடும். அப்புறம் ஒரு சின்ன டெஸ்ட் எழுதுங்கள்: பேக்கேஜ் ஜேசனைப் படித்து, ட்ரீயின் ரைட் கிளிக் மெனுவில் இருக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் கமாண்ட்பேலட் பட்டியலிலும் ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். மறைக்கத்தான் வேண்டும் என்றில்லை. காட்டுவதென்றால் வென்னில் ட்ரூ என்று எழுதட்டும். புதுக் கட்டளை சேர்ப்பவர் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் தாண்ட முடியாது என்பதுதான் வேண்டியது. எங்கள் குழுவில் அந்த ‘நீக்கு’ சம்பவத்துக்குப் பிறகு இதை வைத்தோம், இன்றுவரை நான் பார்க்கும் எல்லா எக்ஸ்டென்ஷனிலும் இதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

மறைக்கும்போதே சில ஐடிகளைப் பெயர் மாற்றவும் கை பரபரக்கும். அங்கே மட்டும் கவனம். பயனர்கள் தங்கள் ஷார்ட்கட்களைத் தலைப்பை வைத்து எழுதவில்லை, ஐடியை வைத்து எழுதியிருக்கிறார்கள். ஐடி மாறினால் அவர்களின் விரலுக்குப் பழகிய ஷார்ட்கட் சத்தமில்லாமல் செத்துப்போகும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய ஐடியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டு, கோடில் மட்டும் பதிவு செய்து, புதியதை அழைக்கும்படி விடுங்கள். பேலட்டில் வராது, ஷார்ட்கட் வேலை செய்யும். அறிவிப்பில் இல்லாத ஐடிக்கு 1.74-இன் தானியங்கி எழுப்பல் பொருந்தாது, அதனால் பழைய ஐடிக்கு மட்டும் ஆன்கமாண்ட் நிகழ்வை ஆக்டிவேஷன் பட்டியலில் கையால் எழுத வேண்டும். எதையெதைப் பேலட்டிலிருந்து எடுத்தீர்கள் என்பதை, மாற்றங்களை எழுதி வைக்கும் சேஞ்ச்லாகில் ஐடியோடு போடுங்கள், தேடி வருபவருக்கு அது ஒன்றுதான் தடயம்.

அட்டவணையில் முதல் வரியாக உங்கள் ‘நீக்கு’ கட்டளையை வையுங்கள். நோட் வராதபோது அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்பதை, பேலட்டைத் தொடும் முன்பே, இன்றைக்கே ஒருமுறை படித்துப் பாருங்கள்.